தொட்டிக்குள்ள கேட்ட பொலிச் சத்தம்

கக்கூசுத் தண்ணியத் தெளிய வைக்கிற தொழில்ல, வாய் ஓயாமக் கதைக்கிறவன்தான் பொழுதுபட வீட்ட போய்ச் சோறு தின்னுவான்.

இத வாசிக்கிற உங்களுக்கும் ஒரு நாத்தம் புடிச்ச வேலை இருக்கும். இல்லையெண்டு சொல்லாதீங்க. கந்தோர்ல பெரியவர்ர ஏச்ச விழுங்கிறவரும், கடையில முதலாளிர மூஞ்சியப் பாத்துக்கொண்டு நிக்கிறவரும் நம்மட இனம்தான். மூக்கப் பொத்திக்கொண்டு உழைச்ச எல்லாருக்கும் இதச் சொல்றன். எனக்குப் படிப்புக் குறைவு. எழுத்தில ஊத்தை கிடந்தா வடிச்சுப்போட்டு வாசிங்க. நானும் அந்த வேலைதான் செஞ்சன்.

உலகச் சண்டைக் காலத்தில வாவிக் கரையில வெள்ளைக்காரப் பட்டாளம் ஒரு காம்பு, அதான் முகாம், போட்டிச்சு. அவ்வளவு ஆக்கள்ர வயித்துக்கும் ஒரு வழி வேணுமே. அதுக்கெண்டு வேலிக்கு அங்கால கட்டி வைச்சிருந்தாங்க. முதல்ல, நிலத்துக்குள்ள மூடி போட்ட பெரிய தொட்டி. கட்டியெல்லாம் அதுக்குள்ள அடியில இறங்கிடும். மறுகா கல்லுப் பாத்தி. தொட்டியில மேலால வாற தண்ணி கருங்கல்லுகள்ர மேல ஒழுகி ஒழுகி இறங்கும். கல்லில வழுவழுவெண்டு ஒரு பாசி புடிச்சிருக்கும், அதுதான் தண்ணியில உள்ள ஊத்தையத் தின்னும். கடைசிக் குழியில வெள்ளைத்தூள் கலந்து வாவிக்கு விடுவம். தொட்டிர அடியில நிக்கிற சேத்த அப்பப்ப இறங்கி அள்ளி, மணல்ல காய வைச்சுப் புதைப்பம். இதுதான் வேலை. ஊருக்குள்ள இந்த இடத்துக்கு வேற பேர். அத நான் எழுதினா பொஞ்சாதி எனக்குச் சோறு போடமாட்டா.

வாய்க்குக் கிடைச்ச வேலை

காம்புக்குக் கூலி வேலை கேட்டுப் போன அண்டு, வரிசையில நிண்ட ஆக்களுக்கு நான் இந்தத் தொட்டிக்குப் பொறுப்பான சார்ஜன் துரையப் போல நடந்து காட்டினன். வயித்த முன்னுக்குத் தள்ளி, கழுத்தப் பின்னுக்கு இழுத்து, தொண்டைக்குள்ள இரும்பு உருளுற மாதிரி ஒரு கத்தல். சனம் விழுந்து விழுந்து சிரிச்சிச்சு. மறுகா திடீரெண்டு ஒருத்தரும் சிரிக்கல்ல. கிறுகிப் பாத்தா, துரை எனக்குப் பின்னால நிக்கிறார். வேலை போச்சு எண்டு நினைச்சன். அவர் என்ட காதப் புடிச்சு இழுத்துக்கொண்டு போய்த் தொட்டிக்குக் கிட்ட நிப்பாட்டினார்.

கூலியாக்கள மேய்க்கிற யாழ்ப்பாணத்து ஓவசியர் ஐயாதான் அவர் சொன்னத எனக்குத் தமிழ்ல சொன்னார். தொட்டிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு காத்து இருக்கு. அது ஆளக் கொல்லும். அதால மூடியத் திறந்து நல்லா ஆற விடணும். மறுகா கம்பி வலை போட்ட விளக்கக் கயித்தில இறக்கிப் பாக்கணும். விளக்கு அணைஞ்சா ஒருத்தரும் இறங்கப்படாது. விளக்கு நிண்டா, ஒருத்தன் இடுப்பில கயிறு கட்டி இறங்கணும். ரெண்டு பேர் மேல நிண்டு கயித்தப் புடிக்கணும். கீழ நிக்கிறவன் கதைச்சுக்கொண்டே இருக்கணும். குரல் நிண்டா, ஏன் எவடம் எண்டு கேக்காம இழுக்கணும். இழுக்க ஏலாட்டியும் மேல நிக்கிறவன் உள்ள குதிக்கப்படாது. குதிச்சா ரெண்டு பிரேதம். துரை கடைசியா என்ட வாயத் தொட்டுக் காட்டி என்னமோ சொன்னார். அண்டையில இருந்து எனக்கு மைனா எண்டு பேர். ஓவசியர் ஐயா கண்ணாடியத் துடைச்சுக்கொண்டு சொன்னார்:

"உன்ர வாயை மூடச் சொல்லிக் கொப்பர் உனக்கு எவ்வளவு அடிச்சிருப்பார்? துரை அதைத் திறந்து வைச்சிருக்கச் சொல்லிச் சம்பளம் தாறார், போ."

வாய் திறக்காத மனிசன்

என்னோட ரெண்டு பேர். ஒருத்தர் காத்தான்குடி ஹனிபா காக்கா. சாரம் நெய்யிற மனிசன், சண்டையால நூல் வராமத் தறி படுத்திட்டு. மற்றவர் மண்டூர்ச் சீனித்தம்பி அண்ணன். மழை வெள்ளத்தில வரம்பு உடைஞ்சு, வெள்ளாமை தண்ணிக்குள்ள அழுகிப் போக, காம்புக்கு வந்தவர். நல்ல மனிசன். ஆனா கதை இல்ல. "சாப்பிட்டீங்களா அண்ணன்?" எண்டு கேட்டா தலைய ஆட்டுவார். ஓமா இல்லையா எண்டு நாமதான் யோசிக்கணும்.

அவர் முதல் முதல் இறங்கின அண்டு, கீழ போன உடன சத்தமில்ல. நானும் காக்காவும் இழுத்தம். மேல வந்தவர் முழிச்சுப் பாத்தார்: "என்னத்துக்கு இழுத்த?" திரும்பி இறங்கினார். சத்தமில்ல. இழுத்தம். மத்தியானத்துக்குள்ள மனிசன்ட இடுப்புத் தோல் உரிஞ்சிட்டு. "அண்ணன், பொஞ்சாதிட பேரையெண்டாலும் சொல்லிக்கொண்டு நில்லுங்க" எண்டன். வெக்கப்பட்டுத் தலையக் குனிஞ்சார். "அப்ப உங்கட வாயால தன்பாட்டில வாற சத்தம் எது?" எண்டு காக்கா கேட்டார். அண்ணன் இடுப்புக் கயித்த இறுக்கிக்கொண்டு இறங்கினார். மறுகா தொட்டிக்குள்ள இருந்து எழும்பிச்சு பாருங்க ஒரு குரல்: "பொலியோ... பொலி... பொலியோ... பொலி..."

சூடடிக்கிற நேரம், நெல்லுக் கதிர மிதிக்க எருமையக் களவெட்டியில சுத்தி நடத்திக்கொண்டு கூப்பிடுற சத்தம் அது. நெல்லு பெருகட்டும், நிறையட்டும் எண்டு கூப்பிடுறது. அந்தக் குரல் தொட்டிச் சுவரில மோதி மோதி மேல வர, மண்டூர் வயல் வட்டை முழுக்க எருமை நடக்கிற மாதிரிக் கிடந்திச்சு. நான் கயித்த மறந்து கேட்டுக்கொண்டு நிண்டன். ஹனிபா காக்கா மட்டும் கயித்தப் புடிச்சுக்கொண்டு கவலையோட சொன்னார்:

"யா அல்லா, இதுக்குள்ள நிண்டு பெருகட்டும் பெருகட்டும் எண்டு கேக்கிறாரே, இது இன்னும் பெருகினா அள்ளுறது ஆரு?"

அண்ணன்ட தோட்டம்

சீனித்தம்பி அண்ணன் வீட்டில சொல்லி வைச்சிருந்தது, காம்பில தோட்ட வேலை எண்டு. துரைமாருக்குப் பூங்கண்டு வைக்கிறாராம். ஊருக்குப் போற நாள்ல தேசிக்காய் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிப்பார். நகத்துக்குள்ள ஈர்க்கு விட்டுக் கிண்டுவார். வேலிக் கரையில நிண்ட ரெண்டு செவ்வரத்தம் பூவப் புடுங்கி மடியில கட்டிக்கொண்டுதான் தோணி ஏறுவார். பொஞ்சாதிக்குக் காட்ட வேணுமே, தோட்டம் எப்பிடி எண்டு.

காரணம் வேலாப்போடி. அண்ணன்ட பொஞ்சாதிட தமையன், பெரிய வயல்காரப் போடியார். அந்த வட்டையில களவெட்டி அவர்ர சொல்லுக்குத்தான் நடக்கும். களவெட்டி எண்டா உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, குளிக்காம அதுக்குள்ள கால் வைக்கேலா, கூடாத சொல்லுச் சொல்லேலா. நெல்லுக்கும் மாட்டுக்கும் கடகத்துக்கும் அங்க வேற வேற பேர் சொல்லித்தான் கதைப்பாங்க. அப்பிடிப்பட்ட இடத்துக்குத் தொட்டி வேலைக்காரன விடுவாங்களா?

நான் ஒரு நாள் தோணித்துறையில வேலாப்போடியக் கண்டிருந்தன். நல்ல கனமான குரல், மூக்கால ஒரு உறுமல். எனக்குக் கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இராதே. அடுத்த நாள் அண்ணன் மணல்ல சேறு பரப்பிக்கொண்டு நிக்க, மதிலுக்குப் பின்னால நிண்டு உறுமினன்: "சீனித்தம்பி! உன்ட தோட்டத்தில என்னகா பூத்திருக்கு?" மண்வெட்டி கையால விழுந்திட்டு. மனிசன் ஓட இடம் தேடி, கடைசியாக் கல்லுப் பாத்திக்குப் பின்னால குந்திட்டார். நான் சிரிச்சுக்கொண்டு போய்ப் பாத்தா, ஆள் சேத்துக் கையச் சாரத்தில தேய்ச்சுத் தேய்ச்சுத் துடைக்கிறார். அண்டைக்குத்தான் அவர் என்னோட கூடக் கதைச்சது:

"மைனா, ஆர்ர குரல வேணுமெண்டாலும் எடு, அந்தக் குரல மட்டும் எடுக்காத, வாற சூடடிப்புக்கு நான் களவெட்டியில கால் வைக்கணும், அது போச்செண்டா எனக்கு ஊரும் இல்ல, வீடும் இல்ல."

பூ மணத்த நாள்

ஒரு நாள் நான் இறங்கினன். விளக்கு நல்லா எரிஞ்சிச்சு. கீழ நிண்டு ஓவசியர் ஐயா சோறு தின்னுற மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன். மண்வெட்டியால அடிச் சேத்தக் கிண்டினன், அழுகின முட்டை நாத்தம் குப்பெண்டு வந்திச்சு. கண் எரிஞ்சிச்சு. கொஞ்சத்தில அந்த நாத்தம் அப்பிடியே இல்லாமப் போயிட்டு. எனக்குச் சந்தோசம். "காக்கோ, நாத்தம் போயிட்டு, இப்ப இஞ்ச பூ மணக்குது" எண்டு கத்தினன். என்ட கால் நிலத்தில இல்ல. மேல நிண்ட சார்ஜன் துரை ஒரே இழுவையில என்னத் தூக்கிப்போட்டார்.

முதுகில ரெண்டு போடு போட்டு, மறுகா தண்ணி தந்தார். காத்துப் போகல்லையாம். மூக்குத்தான் செத்துப் போச்சாம். அந்தக் காத்து முதல்ல மூக்கக் கொல்லும், மறுகா ஆளக் கொல்லும். சேத்தக் கிண்டினா அது எழும்பும், விளக்கு அணையாமலும் எழும்பும். அதுக்குத்தான் குரல் வேணும் எண்டார். நான் துரைட குரல்ல அத ஒருக்காச் சொல்லிப் பாத்தன். சிரிப்பு வரல்ல. பக்கத்தில ஹனிபா காக்கா என்ட தலையத் துவட்டிக்கொண்டு சொன்னார்:

"தம்பி, நாத்தம் மணக்கிற வரைக்கும்தான் நமக்கு ஹயாத்தும் உயிரும்."

வாவியில ஒரு வீச்சு

எங்கட தண்ணி வாவியில விழுற இடத்தில மீன் கூடும். மணலை மீன், இறால் எல்லாம் வரும். வீச்சுவலைக்காரர் ஒருத்தர் நாள் தவறாம அவடத்துக்குத் தோணியில வருவார். சார்ஜன் துரையும் கண்ணாடிப் போத்தல்ல அந்தத் தண்ணிய எடுத்துச் சூரியனுக்கு நேர புடிச்சுப் பாப்பார். போத்தலுக்கு அங்கால அவர்ர விரல் தெரிஞ்சா எங்களுக்கு ஆளுக்கொரு சிகரட்டு.

"ஓய், எங்கட தண்ணில புடிச்ச மீன் எண்டு சொல்லித்தானே சந்தையில விக்கிறீங்க?" எண்டு நான் ஒருக்கா அவரக் கேட்டன். மனிசன் வலைய உதறிப்போட்டு என்ன முறைச்சார்:

"உங்கட தண்ணிக்கு மீன் வரும், உங்கட பேரச் சொன்னா சனம் வராது, ஆனபடியால நீ வாயப் பொத்திக்கொண்டு தெளிஞ்ச தண்ணிய விடு."

மணக்க மணக்கச் சுத்தம்

சூடடிப்புக் கிட்டின நேரம் சார்ஜன் துரைய வேற இடத்துக்கு அனுப்பிட்டாங்க, திரும்பி வர நாளாகும் எண்டு கதை. அந்த நேரம் பாத்துக் காம்பு பாக்க ஒரு பெரிய துரை வாறார் எண்டு தகவல். ஓவசியர் ஐயாவுக்குக் கை கால் ஓடல்ல. கக்கூசெல்லாம் மணக்கணுமாம். தகரம் தகரமாப் பினாயில் கொண்டு வந்து எல்லாக் கழிவுத் தண்ணிக் கானுக்கும் ஊத்தச் சொன்னார். "ஐயா, கல்லுப் பாத்தியில பாசி செத்துப் போகும், துரை கூடாதெண்டு சொன்னவர்" எண்டு காக்கா சொல்லிப் பாத்தார். "நான் ஓவசியரோ நீ ஓவசியரோ?" எண்டார் ஐயா. ஊத்தினம். பெரிய துரை வந்தார், மூக்கால இழுத்துப் பாத்தார், தலைய ஆட்டினார், போயிட்டார்.

மறுகா கல்லுப் பாத்தியில பாசி பொக்குப் பொக்காக் கழண்டிச்சு. தண்ணி கறுப்பா வந்திச்சு. தொட்டியில அடிச் சேறு புளிச்சுப் பொங்கி, வாற குழாய் வாய வந்து அடைச்சிட்டு. வெள்ளைக்காரன்ட கக்கூசுக்குள்ள தண்ணி பின்னுக்கு ஏறத் தொடங்கிச்சு. வீச்சுவலைக்காரர் வந்தார், ஒரு கடகம் செத்த மணலை மீன ஓவசியர் ஐயாட காலடியில கொட்டினார், தோணியத் தள்ளிக்கொண்டு போனார். அந்தத் தொட்டிய இறங்கித்தான் அள்ளணும், வேற வழி இல்ல எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிச்சு. ஐயா மீனப் பாத்துக்கொண்டு, ஆருக்கெண்டில்லாமச் சொன்னார்:

"பினாயில் மணந்தால் சுத்தம் எண்டுதானே நானும் நினைச்சனான்."

கயிறு சொன்ன பொய்

அள்ளின நாள்ல சீனித்தம்பி அண்ணன்ட முறை. விடிய மூடி திறந்து ஆற விட்டம். விளக்கு இறக்கினம், எரிஞ்சிச்சு. அந்த நேரம் தோணிக்காரர் ஒருத்தர் வந்து சொல்லிப்போட்டுப் போறார்: "சீனித்தம்பி, உன்ட மச்சான் வேலாப்போடி உன்னக் கூட்டிக்கொண்டு போக வாறார். கதிரக் குவிச்சுச் சூடு வைச்சாச்சாம். எருமையெல்லாம் கட்டி நிக்குதாம்."

அண்ணன்ட முகத்தில அப்பிடி ஒரு வெளிச்சத்த நான் முந்திக் கண்டதில்ல. உடன அது அணைஞ்சும் போயிட்டு. மச்சான் காம்பு வாசல்ல வந்து நிண்டா, தொட்டிக்குள்ள இருந்து பொலி பொலி எண்டு கேக்குமே. களவெட்டியில கூப்பிடுற சொல்ல மலத்துக்குள்ள நிண்டு கூப்பிடுறான் எண்டு தெரிஞ்சா, அவர மட்டுமில்ல, அவர்ர புள்ளைகளையும் களவெட்டிக்குக் கிட்ட விடமாட்டாங்க. "நாளைக்கு அள்ளுவம்" எண்டு காக்கா சொன்னார். வெள்ளைக்காரன் கக்கூசுக்குள்ள நிண்டு கத்துறான், ஐயா ஓடி ஓடி வாறார், நாளைக்கு எண்ட கதைக்கு இடமில்ல. நான் இறங்கிறன் எண்டன். அண்ணன் கேக்கல்ல. தன்ட முறைய அடுத்தவனுக்குக் குடுக்கிற மனிசன் இல்ல அவர். கடைசியா அவரே ஒரு வழி சொன்னார். குரல் குடுக்கமாட்டன், அதுக்குப் பதிலாக் கயித்த இழுத்து இழுத்துக் காட்டுறன். கயிறு ஆடினா நான் இருக்கிறன். எங்களுக்கும் அது சரியாப் பட்டிச்சு. அவ்வளவு பேரும் தலைய ஆட்டினம்.

இறங்கினார். மண்வெட்டிச் சத்தம் கேட்டிச்சு. கயிறு ஒருக்கா இழுபட்டிச்சு. கொஞ்சத்தால இன்னொருக்கா. வாசல் பக்கம் கிறுகிப் பாத்தா, வேலாப்போடி வந்திட்டார். வெள்ளை வேட்டி, தோள்ல சால்வை. ஓவசியர் ஐயா, நாங்க சொல்லி வைச்சபடி, அவர மறிச்சு, "உங்கட மச்சான் தோட்டப் பக்கம் நிக்கிறார், இருங்கோ, இருங்கோ" எண்டு கதிரை இழுத்துப் போடுறார். கயிறு இழுபடுது. நல்லாத்தான் இழுபடுது. கெதி கெதியா இழுபடுது. எனக்குச் சந்தோசமா இருந்திச்சு, அண்ணன் நல்லா வேலை செய்யிறார் எண்டு. ஹனிபா காக்கா கயித்த உள்ளங்கையில வைச்சுப் பாத்தார். புடிச்ச புடியிலயே கத்தினார்:

"தம்பி, இது ஆள் இழுக்கிற இழுவை இல்ல, இது தூண்டில்ல மீன் துடிக்கிற துடிப்பு!"

மச்சானும் மச்சானும்

இழுத்தம். வரல்ல. விழுந்தவர்ர கால் அடிச் சேத்துக்குள்ள புதைஞ்சு கிடந்திச்சு. நான் "சீனித்தம்பி அண்ணன்! சீனித்தம்பி அண்ணன்!" எண்டு கத்தினன். அந்தப் பேரக் கேட்டு வேலாப்போடி கதிரையத் தள்ளிப்போட்டு ஓடி வாறார். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கொண்டு தொட்டி வாசல்ல கால வைக்கிறார், உள்ள குதிக்க. கயித்த விட்டுட்டு அவரப் புடிக்க எங்களால ஏலா. என்ட சொந்தக் குரலக் கேட்டு நிக்கிற மனிசனும் இல்ல அவர். என்ட வாய் தன்பாட்டில சார்ஜன் துரைட குரல எடுத்திச்சு: "ஸ்டொப்!" மனிசன் கல்லாட்டம் நிண்டார். "உள்ள போனா ரெண்டு பேரும் சாவீங்க, கயித்தப் புடிங்க போடியார்!" எண்டன். புடிச்சார்.

மூண்டு பேர்ர இழுவைக்குச் சேறு விட்டுக் குடுத்திச்சு. மேல வந்தது ஆள் எண்டு சொல்லேலா, ஒரு கறுப்பு மூட்டை. வேலாப்போடி அந்த மூட்டைய மடியில போட்டு, தன்ட சால்வையால வாயத் துடைச்சு, மூக்கத் துடைச்சு, முகம் குப்புறப் போட்டு முதுகில அமத்தி அமத்தி விட்டார். அவர்ர வெள்ளை வேட்டியில வெள்ளை எண்டு ஒரு இடம் மிச்சமில்ல. கன நேரத்துக்குப் புறகு, வாள் அறுக்கிற மாதிரி ஒரு மூச்சு வந்திச்சு. அண்ணன் கண்ணத் திறந்து பாத்தார். மச்சான்ட முகம். உடன கண்ண மூடிக்கொண்டார். வேலாப்போடி சுத்திப் பாத்தார், தொட்டியப் பாத்தார், மணல்ல காயிற சேத்தப் பாத்தார். மறுகா அண்ணன்ட முகத்தத் தடவிக்கொண்டு மெதுவாக் கேட்டார்:

"இதுவாடா மச்சான் உன்ட தோட்டம்?"

கதை இல்லாத துரை

ஆஸ்பத்திரியில போட்டாங்க. உயிர் நிண்டிச்சு, குரல் நிக்கல்ல. அந்தக் காத்தும் சேத்துத் தண்ணியும் நெஞ்சுக்குள்ள போய் எல்லாத்தையும் அவிச்சுப்போட்டிச்சு எண்டு டொக்டர் சொன்னார். வாயத் திறந்தா காத்து மட்டும் வரும். நான் கட்டிலடியில நிண்டு டொக்டரப் போல, மருந்து கலக்கிறவரப் போல, ஓவசியர் ஐயாவப் போல எல்லாம் கதைச்சுக் காட்டினன். பக்கத்துக் கட்டில்காரன் சிரிச்சு இருமினான். அண்ணன் முகட்டப் பாத்துக்கொண்டு கிடந்தார்.

சார்ஜன் துரை திரும்பி வந்து, நேர ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொப்பியக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு கட்டில்ர கால்மாட்டில நிண்டார். நிண்டார், நிண்டார். தொப்பியத் திருப்பித் திருப்பிப் பாத்தார். ஒரு பிஸ்கற் தகரத்த வைச்சிட்டுப் போயிட்டார். ஹனிபா காக்கா கதவடியில நிண்டு என்னட்டச் சொன்னார்:

"கதை கதை எண்டு நம்மள வதைச்ச மனிசன், கதைக்க ஒண்டும் இல்லாமப் போறார் பாரு."

வரம்புக்கு வெளியால

அண்ணனுக்கெண்டு ஒரு சூட்ட மட்டும் அடிக்காம வைச்சிருந்தார் வேலாப்போடி. மற்றதெல்லாம் அடிச்சாச்சு, அது மட்டும் படங்கு மூடிக் காத்துக் கிடந்திச்சு. ஊரில ஆக்கள் முணுமுணுத்தாங்களாம். "நான் குளத்தில முழுகியாச்சு, கோயில்ல திருநீறு பூசியாச்சு, அவனும் முழுகிட்டுத்தான் வருவான், இனி ஆருக்கும் கதை இருந்தா என்னட்ட வந்து கதைங்க" எண்டாராம். ஒருத்தரும் போகல்ல.

அண்ணன நான்தான் தோணியில கூட்டிக்கொண்டு போனன். நாலு எட்டு நடந்தா இருந்து மூச்சு வாங்குவார். களவெட்டிக்குக் கிட்டப் போனதும் எனக்கு வரம்பக் காட்டினாங்க, நான் வெளியால நிண்டன். நான் இன்னும் தொட்டிக்காரன்தானே. அண்ணன் உள்ள கால் வைச்சார். குனிஞ்சு மண்ணத் தொட்டுக் கண்ணில ஒத்தினார். எருமைட கயித்தக் கையில குடுத்தாங்க. எருமை நகரல்ல. வேலாப்போடிட எருமைகள், கன காலமா அண்ணன்ட குரலுக்கு நடந்து பழகினது. அண்ணன் வாயத் திறந்தார். காத்து வந்திச்சு. திரும்பித் திறந்தார். கழுத்து நரம்பு புடைச்சிச்சு, கண்ணால தண்ணி வந்திச்சு, சத்தம் வரல்ல. சுத்தி நிண்ட ஆக்கள் எல்லாம் நிலத்தப் பாத்தாங்க. எருமை வாலால ஈ விரட்டிக்கொண்டு நிண்டிச்சு.

நான் யோசிக்கல்ல. என்ட வாய் எப்பதான் என்னட்டக் கேட்டது? வரம்பில நிண்டு எடுத்தன்: "பொலியோ... பொலி... பொலியோ... பொலி..." என்ட குரல் இல்ல, அவர்ர குரல். தொட்டிச் சுவரில மோதி மோதி நான் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கின குரல். எருமைட காது ரெண்டும் கிறுகிச்சு. ஒரு கால் எடுத்து வைச்சிச்சு. மறுகா அடுத்தது. அண்ணன் கயித்தப் புடிச்சுக்கொண்டு புறகால நடந்தார், வாய அசைச்சு அசைச்சு, நான் கூப்பிடுற அதே நேரத்துக்கு. என்ட வாழ்க்கையில நான் ஒருத்தரப் போலக் குரல் எடுத்து, ஒருத்தரும் சிரிக்காமப் போனது அண்டைக்குத்தான்.

பொழுது சாய வேலாப்போடி வரம்புக்கு வந்தார். கூடாத வாயால கூப்பிட்டுட்டன் எண்டு ஏசத்தான் வாறார் எண்டு நான் ஓட ஆயத்தமா நிண்டன். அவர் என்னப் பாக்காம, களவெட்டியில இருந்து மூச்சு வாங்கிற மச்சானப் பாத்துக்கொண்டு சொன்னார்:

"நாளைக்கு முழுகிட்டு உள்ள வா மைனா, இஞ்ச நிண்டு கூப்பிட்டா எருமைக்குத் தூரமாக் கிடக்கு."

சீனித்தம்பி அண்ணன் அடுத்த விதைப்பக் காணல்ல, காம்பும் போயிட்டு, தொட்டியையும் மண் போட்டு மூடியாச்சு. அவ்வளவு பேர்ர ஊத்தையத் தெளிய வைச்ச எங்களுக்கு மிஞ்சினது, இந்த ஊத்தை வாய்க்குள்ள கிடக்கிற அவர்ர சுத்தமான சத்தம் ஒண்டுதான்.